வில்ஹெல்ம் என்ற பெயர்

மார்ச் 3, 1918, ஞாயிறு. கார்வர் கிரீக், நெப்ராஸ்கா.

அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லி டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். இங்கிலீஷில் பேசுவேனே தவிர எழுத வராது. தமிழில் எழுதிக்கொண்டு, அவர் வரும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் கஞ்சி அரைக் கிண்ணம். வலது கை அசைவில்லை. பேச்சு, தமிழ் மட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை டாக்டர் நம்பவேயில்லை. ஜனவரியில் வாதம் அடித்து விழுந்ததிலிருந்து யோஹன்னா அம்மாவுக்கு ஜெர்மன் போய்விட்டது, இங்கிலீஷும் போய்விட்டது. கடற்கரையோரம் எங்கள் ஊர் பொறையாரில் மிஷன் பங்களாவில் பிறந்து, ஆயாவிடம் பேசப் பழகியவர்கள். அந்த முதல் பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அம்மாவும் அவர்கள் புருஷன் லிண்டெமான் ஐயரும் எங்கள் பக்கத்தில் இருபது வருஷம் ஊழியம் செய்தார்கள். பாதிரிமாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் இந்த ஊர் ஜெர்மன் குடியானவர்கள் தங்கள் கோயிலுக்கு அவரை அழைத்தார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாமல் அவர்கள் வீட்டு வேலையில் இருந்த எனக்குப் பொறையாரில் என்ன இருந்தது? ஞானப்பூவும் வரட்டும் என்றார்கள். வந்துவிட்டேன்.

இன்று கோயில் கதவில் ஒரு காகிதத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர்ப் பாதுகாப்புக் கமிட்டியின் உத்தரவு. இனிமேல் பிரசங்கம், பாட்டு, பாடம், தெருப்பேச்சு எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். ஐயர் தடுமாறி இங்கிலீஷில் பிரசங்கம் செய்தார். கிழவர்கள் ஒரு வார்த்தை புரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி ஜெபம் வழக்கம்போல அம்மாவின் கட்டிலருகே, தமிழில். கடைசியில் வழக்கம்போல, "ஆண்டவரே, வில்ஹெல்மைக் காப்பாற்றும்." ஐயருடைய தங்கை மகன். பத்தொன்பது வயசு. ஜெர்மன் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை.

மார்ச் 9

பனி. துணி காயவில்லை. அம்மா இரண்டு முறை படுக்கையை நனைத்துவிட்டார்கள்.

மார்ச் 14

அம்மாவைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு எட்னாவிடம் ஆப்பிள் பணியாரம் சுடக் கற்றுக்கொள்ளப் போனேன். மருந்துக்கடை பெல்லாமியின் மனைவி. இந்த ஊரில் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிற ஒரே பெண்பிள்ளை. மற்றவர்கள் என் நிறத்தைப் பார்த்துவிட்டு நடைபாதையில் ஒதுங்கிப் போவார்கள். ஞானப்பூ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நானா என்பாள்.

"சாயங்காலமெல்லாம் உங்க வீட்ல என்னதான் பண்ணுவீங்க, நானா?" என்று கேட்டாள். ஜெபம் பண்ணுவோம் என்றேன். யாருக்காக என்று கேட்டாள். சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே பேசுகிற பேச்சு. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

பணியாரம் அடியில் கருகிவிட்டது. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 2

கோயில் கதவில் மஞ்சள் சாயம் ஊற்றியிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் இங்கே கோழை, துரோகி என்று அர்த்தமாம். நானும் ஐயரும் மத்தியானம்வரை தேய்த்தோம். போகவில்லை.

ஏப்ரல் 11

கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்குள் வந்தார்கள். முன்னால் பெல்லாமி, கமிட்டித் தலைவர். இங்கே ஜெர்மன் பேச்சு கேட்கிறது என்று தெருவில் புகாராம். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளிருந்து, "ஞானப்பூ, கதவ சாத்துடி, குளிருது!" என்று கத்தினார்கள்.

"இதோ, இதுதான்" என்றான் பெல்லாமி.

"இது என் பாஷை. இந்தியாவுல பேசறது. எங்க ஊரு பிரிட்டிஷ் ராஜாவோட ஊரு. உங்க பக்கம்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "வெள்ளைக்கார அம்மா உன் பாஷை பேசுறாங்களா? யார்கிட்ட காது குத்தறே?"

அம்மாவின் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் புரட்டினான் ஒருவன். இது எழுத்தா, சங்கேதமா என்று கேட்டான். ஜெர்மன் புத்தகங்களோடு சேர்த்து அதையும் சாக்கில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எரித்தார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களாம். இந்த நோட்டு மாவுப் பீப்பாயில் இருந்ததால் தப்பியது.

போகும்போது பெல்லாமி ஐயரிடம், "தினமும் ராத்திரி யாருக்காக ஜெபம் பண்ணுறீங்கன்னு எங்களுக்குத் தெரியும், போதகரே" என்றான். ஐயர் விழித்தார்.

இவனுக்கு எப்படித் தெரிந்தது? தபால்காரன் ஜன்னலருகே நின்று ஒட்டுக்கேட்டிருப்பான். அவன் பார்வை எப்போதுமே சரியில்லை.

ஏப்ரல் 12

தபால்காரனுக்குத் தமிழ் தெரியாது.

ஏப்ரல் 20

எட்னா வீட்டுக்குப் போகவில்லை. வேலை அதிகம். அம்மாவுக்கு முதுகில் புண் வருகிற மாதிரி இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன்.

மே 5, ஞாயிறு

எழுத வேண்டும்.

மத்தியானம் நாலு மணி. பட்டப்பகல். முகமூடி கூட இல்லை. ஏழு பேர், ஏழு பேரையும் எனக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க இருபது முப்பது பேர் வேலிக்கு அப்பால், பெண்பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு.

ஐயரை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். கொடியை முத்தமிடச் சொன்னார்கள். முத்தமிட்டார். அமெரிக்கா வாழ்க என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"இப்போ சொல்லு. கடவுள் வில்ஹெல்மை நரகத்துல தள்ளட்டும், சொல்லு!" என்றான் பெல்லாமி.

ஜெர்மனி ராஜாவின் பெயரும் அதுதான். அவர்கள் அந்த ராஜாவை நினைத்துச் சொன்னார்கள். ஐயர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு இங்கிலீஷில், "ராஜாவுக்கு நான் ஜெபம் பண்ணினதில்லை. அவர் எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்தப் பெயர் என் தங்கை பிள்ளையின் பெயர். பிள்ளையை நான் சபிக்க மாட்டேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என்ன அழகான கதை என்றான் ஒருவன்.

சட்டையைக் கிழித்தார்கள். தோல்வாரால் அடித்தார்கள். எண்ணவில்லை. பிறகு சாலை போடுகிற தாரை வாளியில் கொண்டுவந்தார்கள். வாளியைப் பிடித்திருந்தது ஆடம் க்ரூகர். எங்கள் கோயில்காரன். போன கிறிஸ்துமஸில் அவன் குழந்தைக்கு ஐயர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தான். தாரின் நாற்றம் தாங்காமல் திருப்பினானோ என்னவோ.

தலை, முகம், மார்பு, முதுகு. வெள்ளையடிக்கிற மட்டையால் பூசினார்கள். அப்புறம் ஒரு தலையணையைக் கிழித்து இறகைக் கொட்டினார்கள். நீலக்கோடு போட்ட உறை. மார்ச் மாதம் எட்னாவுக்கு ஓரம் தைத்துக் கொடுத்தேனே, அந்த உறை.

நான் வாசற்படியில் நின்றேன். அவர் சொல்வது நிஜம், வில்ஹெல்ம் என்று ஒரு பையன் உண்டு என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இங்கிலீஷ் வரவில்லை. அம்மாவையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவை விட்டுவிட்டு எப்படி இறங்குவது.

போகும்போது ஒருவன் எங்கள் பம்பில் கை கழுவிக்கொண்டு போனான்.

மே 6

டாக்டர் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தார் இறுகிவிட்டது. ஐயருக்கு இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. சோப்பு, வெந்நீர், மண்ணெண்ணெய், ஒன்றும் பலிக்கவில்லை. டர்ப்பென்டைன் வேண்டும். ஊரில் அது இருப்பது ஒரே கடையில்.

போனேன். பெல்லாமி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான். சொன்னேன். புட்டியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டினான்.

"முதல்ல பன்னிக்கொழுப்பத் தடவி நல்லா ஊற வை. அப்புறம் இத துணியில தொட்டு மெதுவாத் தேய்க்கணும். பிடிச்சு இழுத்துடாதே, தோலோட வந்துடும். கண்ணுகிட்ட ஜாக்கிரதை."

அவனுடைய நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. அந்த விரலால்தான் முடிச்சுப் போட்டான்.

"அவருக்குச் சீக்கிரம் குணமாகட்டும்" என்றான்.

நன்றி என்றேன். என் வாய் அதைச் சொல்லிவிட்டது.

மே 9

நாலு நாளாயிற்று. முதுகு முக்கால்வாசி வந்துவிட்டது. தாரோடு தோலும் வருகிறது. இறகுகள் கொழுப்பில் ஊறிப் பழுப்பாகி, தரையெல்லாம் ஒட்டுகின்றன. கோழி உரித்த கொல்லைப்புறம் மாதிரி இருக்கிறது வீடு. காதுக்குப் பின்னால் சீழ் வைத்திருக்கிறது. நான் தொடும்போதெல்லாம் ஐயர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். கத்துவதில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "என்னடி இது கீல் நாத்தம்? படகுக்குப் பூசறாங்களா?" ஆமாம்மா, படகுக்குத்தான் என்றேன்.

மே 13

ஊர்க்கடைகளில் எங்களுக்குச் சாமான் கொடுக்கக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறார்கள். மருந்துக்கடை மட்டும் விதிவிலக்கு. அது கிறிஸ்தவக் கடமையாம்.

மே 15

கொல்லைக்கதவு தட்டுகிற சத்தம். ஆடம் க்ரூகர், கையில் பெரிய பன்றித்தொடை ஒன்றோடு.

"நான் வாளியப் பிடிக்கலேன்னா அடுத்தது நான்தான்னு சொன்னாங்க. எனக்கு அஞ்சு பிள்ளைங்க. ஐயர்கிட்ட சொல்லுங்கம்மா."

"நீங்களே உள்ள வந்து சொல்லுங்க. அவர் முதுகப் பாத்துட்டுச் சொல்லுங்க."

வரவில்லை. இறைச்சியைப் படியில் வைத்துவிட்டு வயலுக்குள் நடந்தான். நாய்க்குப் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. சமைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். ருசியாகவே இருந்தது.

ஐயரிடம் சொன்னேன். "க்ரூகரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல். எல்லோரையும்" என்றார், குப்புறப் படுத்தபடி. அந்த மன்னிப்பும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கேட்காதவனுக்கு, கழுவாத கைக்கு, எதற்கு அள்ளிக் கொடுக்கிறார்?

மே 22

எட்னா வந்தாள். கையில் பணியாரம். அவள் புருஷன்தான் அன்றைக்குக் காரியத்தைக் காப்பாற்றினானாம். மற்றவர்கள் தூக்கில் போடவே நினைத்தார்களாம். "ராய் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாரு, நானா."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அவர்கிட்ட சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. தட்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 4

தலைநகரத்துப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டதாம். சர்க்கார் வக்கீல் ஒருவர் வந்து விசாரித்தார். நடந்தது வெட்கக்கேடு, வழக்குப் போட்டே தீருவேன் என்றார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது. ஐயரிடம் பெயர்களைக் கேட்டார். "கண்ணில் தார் இருந்தது. முகங்கள் நினைவில்லை" என்றார் ஐயர். தார் பூசுவதற்கு முன்னால் கால் மணி நேரம் அவர்கள் எதிரில் நின்றாரே!

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "நீ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 5

பெல்லாமி வேலியோரம் நின்று சொன்னான். ஆசியாக்காரர்கள் இந்த நாட்டுக்குள் வரவே கூடாது என்று போன வருஷம் சட்டம் வந்திருக்கிறதாம். நான் முன்னால் வந்தவள், அதனால் யாரும் கேட்கவில்லையாம். "கோர்ட்டுல போய் நின்னா, எல்லாரும் கேப்பாங்க. உன்னைக் கப்பல்ல ஏத்திட்டா, பாவம் அந்த நோயாளிய யார் பாப்பா?" பேசிக்கொண்டே எங்கள் லைலாக் பூவை ஒரு கொத்துப் பறித்து முகர்ந்துகொண்டான்.

ஜூன் 18

அம்மாவுக்கு ஜுரம். மருந்துக்கு நான்தான் போகிறேன். வேறு யார் போவது.

ஜூலை 9, செவ்வாய்

கோர்ட்டு. ஜில்லாத் தலைநகரம் பதினாலு மைல். ஐயரும் நானும் வண்டியில் போனோம். பக்கத்துப் பண்ணைக் கிழவி அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கோர்ட்டு வாசலில் பேண்டு வாத்தியம். குற்றவாளிகள் ஏழு பேரும் மடிப்புக் கலையாத உடுப்பில், சட்டையில் கொடி குத்திக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஐயரைக் கேட்டார்கள். முகம் நினைவில்லை என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். வேதாகமத்தின்மேல் கை வைத்தேன். வரிசையாக ஏழு பெயரையும் சொன்னேன், ஒவ்வொருவரையும் விரலால் காட்டி. யார் அடித்தது, யார் பூசினது, யார் வாளி பிடித்தது, யார் எங்கள் பம்பில் கை கழுவினது. என் இங்கிலீஷ் அன்றைக்கு வந்துவிட்டது.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். "நீ அப்போது எங்கே இருந்தாய்?"

"வாசப்படியில."

"ஏன் தடுக்கவில்லை? நோயாளியைப் பிடித்துக்கொண்டிருந்தாயா?"

இல்லை. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் அப்படித்தான் சொன்னேன். மே மாசம் இந்த நோட்டில் எழுதினது பொய். என் கைகள் இரண்டும் சும்மாதான் இருந்தன. பயம்.

"இந்தப் போதகர் தினமும் வில்ஹெல்முக்காக ஜெபம் பண்ணுகிறார் என்று கமிட்டிக்கு யார் சொன்னது?"

எட்னா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எட்னாகிட்ட சொன்னேன். வில்ஹெல்முக்காகன்னு சொன்னேன். அது யாருன்னு சொல்லல. சொல்லணும்னு தோணல."

"ஆக, உங்கள் வீட்டு ஆளே சொன்ன சேதி!" என்று ஜூரிகளைப் பார்த்துக் கையை விரித்தார் அவர். சிரிப்பு.

ஜூரிகள் உள்ளே போய் இருபத்தைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். ஏழு பேரும் நிரபராதி. மறுபடி பேண்டு. ஜூரியில் ஒருவன் பெல்லாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தான். சர்க்கார் வக்கீல் காகிதங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

திரும்பும்போது நாலைந்து மைல் வந்திருப்போம். சோளம் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்றது. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஐயா, நான்தான் சொன்னேன்னு இன்னிக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அன்றைக்கே தெரியும். அடிக்கும்போதே பெல்லாமி காதோடு சொன்னான், உன் வேலைக்காரிதான் சொன்னாள் என்று."

இரண்டு மாசம். தினமும் காலையும் மாலையும் அந்த முதுகை நான் துடைத்தேன்.

"தெரிஞ்சுமா என் கையால மருந்து போட்டுக்கிட்டீங்க?"

"வேறு யாருடைய கை இருந்தது, ஞானப்பூ?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் தொடும்போது அவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வலியால் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். "நான் மன்னித்தேன் என்று சொன்னேனே, அது மன்னிப்பல்ல. பயம். மறுபடியும் வருவார்கள் என்று பயம். அதற்கு வேதத்தில் ஒரு நல்ல பெயர் இருந்தது, வைத்துக்கொண்டேன். நீ பெயர்களைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குத் துணி மாற்றினேன்.

ஜூலை 10

கோயில் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். சபையின் நன்மைக்காக ஐயர் விலகிக்கொள்வது நல்லது என்றார்கள். க்ரூகரும் வந்திருந்தான். வார்த்தைக்கு வார்த்தை வருத்தப்பட்டார்கள். மாச முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அயோவாவில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். அங்கே போவதாக ஐயர் சொன்னார். நானும் வருகிறேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால், என் தகரப்பெட்டியின் உடைந்த தாழ்ப்பாளை உட்கார்ந்து சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வியாழன்

அம்மாவின் மருந்து தீர்ந்துவிட்டது. காலையில் ஐயரிடம் சொன்னேன், "பெல்லாமி கடைக்கு நான் போகமாட்டேன். அடுத்த ஊரு ஒம்பது மைல். நடந்து போய் வாங்கிட்டு வரேன்."

அவர் எழுந்து போய்க் குதிரையைப் பூட்டினார். அம்மாவை ஏன் வீட்டில் விட வேண்டும், காற்றாட வரட்டும் என்றார். மெத்தையைப் பின்னால் விரித்துத் தூக்கி உட்கார வைத்தோம். மே மாசத்துக்குப் பிறகு ஐயர் தெருவுக்கு வருவது இதுவே முதல் தரம், கோர்ட்டுக்குப் போனது தவிர. அன்றைக்கும் ஊரைச் சுற்றி வயல்பாதையில்தான் போனோம். இன்றைக்கு நேராகக் கடைவீதிக்குள் வண்டியை விட்டார்.

முகத்தில் புதுத்தோல், குழந்தைத் தோல் மாதிரி சிவப்பாக, இடது காதில் பாதி இல்லாமல். காலை ஒன்பது மணி. கடைகள் திறந்திருந்தன. அம்மா மெத்தையில் சாய்ந்துகொண்டு ஊரே கேட்கும்படி தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்த ஊருல மீன் விக்கிறவ ஒருத்தியையும் காணோமே, ஞானப்பூ? எல்லாம் எங்கடி போனாங்க?"

"கடல் தூரம், அம்மா" என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.

யாரும் தடுக்கவில்லை. அதைவிடக் கேவலம், எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். தலைமயிர் வெட்டுகிறவன், தானியக் கடைக்காரன், மட்டையால் பூசினவன். பெல்லாமி தன் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நன்றாகச் சிரித்து, "குட் மார்னிங், போதகரே. நல்ல வெயில்!" என்றான்.

ஐயருக்குப் பழக்கம். இந்த ஊரில் ஐந்து வருஷமாக யார் வணக்கம் சொன்னாலும் தொப்பியை எடுத்துவிடுவார். கை தானாக மேலே போனது. தொப்பியின் விளிம்பைத் தொட்டது.

பிறகு தொப்பியை எடுக்காமலே இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டது.